வெள்ளியா, வெள்ளி முலாமா? பழைய மேசைச் சாமான்களை எடைக்குப் போடுமுன்

கொழும்பில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் விறாந்தையும் முற்றமுமாக இருந்த காணிகளில் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. வீட்டை ஒதுக்கும் நேரத்தில் தளபாடங்களுக்கு ஆள் வருகிறது. புத்தகங்களைப் பற்றியும் யாராவது கவலைப்படுகிறார்கள். கண்ணாடி அலுமாரிக்குள் கறுத்துப்போய் இருக்கும் தேநீர் செற், கரண்டிப் பெட்டி, கேக் தட்டு ஆகியவற்றை என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரிவதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகள் தொலைபேசியில், "அது அம்மம்மாவின்ர வெள்ளிச் சாமான், வித்துப்போடாதேங்கோ அம்மா" என்கிறாள். செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனால் நகைக்கடைக்காரர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளியில்லை அம்மா, மேல பூச்சு. நாங்கள் எடுக்கிறதில்லை" என்கிறார். பலர் அத்தோடு மனம் விட்டுப்போய், பித்தளைச் சாமான்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

நகைக்கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அவர் பதில் சொன்னது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: உருக்கினால் எவ்வளவு வெள்ளி தேறும்? முலாம் பூசிய பொருளைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. யார் செய்தது, எந்த முறையில், எந்தக் காலத்தில், இப்போது என்ன நிலையில் இருக்கிறது, இன்றைக்கு அது யாருக்கு வேண்டும் என்பவற்றைப் பார்த்துத்தான் விலை வரும். இதை விளங்கிக்கொள்ளாததால் நல்ல பொருட்கள் பஞ்சிகாவத்தைப் பக்கம் உலோகக் கழிவாகப் போய்ச் சேருகின்றன. இதற்கு நேர்மாறாக, சாதாரணமான ஒரு தட்டை வெள்ளி என்று நம்பி, அதன் பேரில் சகோதரங்களுக்குள் மனக்கசப்பு வருவதும் உண்டு. இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

அந்தக் கடைசிக் கேள்வியை முதலிலேயே கணக்குப் போட்டு முடித்துவிடுவோம். தரமான வெள்ளி முலாம் பொதுவாக 20 முதல் 40 மைக்ரோன் தடிப்பு. ஒரு தலைமயிரின் பாதித் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தரமான தேநீர்க் கேத்தலின் வெளிப்புறப் பரப்பு 800 சதுர சென்ரிமீற்றர் என்றால், 20 மைக்ரோன் பூச்சு தேயாமல் முழுதாக இருந்தாலும் அதில் உள்ள வெள்ளி ஏறத்தாழ 17 கிராம். அதாவது இரண்டு பவுண் நிறை. கேத்தலோ அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த 17 கிராமைப் பிரித்தெடுக்க நைத்திரிக் அமிலமோ சயனைட்டோ வேண்டும். இரண்டும் உயிருக்கே ஆபத்தானவை. வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது. தொழிலாகச் செய்பவர்களுக்கும் சில்லறையாக ஒன்றிரண்டு பொருளில் கட்டுப்படியாகாது. எனவே கேத்தலுக்குக் கிடைப்பது உள்ளே இருக்கும் மலிவான உலோகத்தின் விலைதான்.

கொழும்புக்கு வந்த வழி

ஒரு துறைமுக நகரத்துக்கு இந்தச் சாமான் இவ்வளவு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. 1864இல் காலிமுகத்திடல் ஹொட்டேலும் 1875இல் கிராண்ட் ஓரியண்டல் ஹொட்டேலும் திறந்தன. இத்தகைய ஹொட்டேல்களின் மேசைகளுக்குக் கரண்டியும் முள்ளும் சூப் கிண்ணங்களும் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டன. பி அண்ட் ஓ, ஓரியண்ட், பிபி என்று கப்பல் கம்பனிகள் பல இங்கே தரித்துப் போயின. தங்கள் சின்னம் பொறித்த சாப்பாட்டு மேசைச் சாமான்களை அவை பாவித்தன. மலையகத்துத் தோட்ட பங்களாக்கள், துரைமார் கூடும் கிளப்புகள், பாடசாலைகளின் வெற்றிக் கிண்ணங்கள் என்று தேவை பெருகியது. கோட்டையில் கார்கில்ஸ், மில்லர்ஸ் போன்ற பெரிய கடைகள் இங்கிலாந்துச் சாமான்களை இறக்கி விற்றன. யோர்க் வீதியில் இன்றும் நிற்கும் கார்கில்ஸின் சிவப்புக் கட்டடம் 1906இல் முடிந்தது.

நம்முடைய வீடுகளுக்கு அது வந்தது வேறு வழியாக. சட்டத்தரணி, வைத்தியர், அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்களில் கல்யாணப் பரிசாகவும் ஓய்வுபெறும்போது அலுவலகம் கொடுத்த நினைவுப் பரிசாகவும் வந்தது. 1950களிலும் 60களிலும் பறங்கியர் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். அப்போது கைமாறியவையும் நிறைய. பிறகு 83 ஜூலை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளில் எரிந்தும் கொள்ளைபோயும் மிஞ்சியவை கொஞ்சம்தான். தீயில் கருகிய, நெளிந்த கேத்தலோ கரண்டியோ உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் துலக்கவும் வேண்டாம், நிமிர்த்தவும் வேண்டாம். சந்தை அதற்குக் கொடுக்கும் விலை எதுவானாலும், அந்தக் கருகலோடு சேர்த்துத்தான் அது ஒரு சான்று.

1840க்கு முன், 1840க்குப் பின்

அடையாளம் காணும் வேலையில் முக்கியமான பிரிவுக்கோடு இந்த ஆண்டுதான்.

1743 அளவில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கத்தித் தொழிலாளி தோமஸ் போல்சோவர், வெள்ளித் தகட்டையும் செப்பையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் பிரிக்கமுடியாமல் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அப்படி ஒட்டிய கட்டியை உருளைகளுக்கிடையில் கொடுத்து நீட்டினால், செப்பும் வெள்ளியும் சேர்ந்தே மெலிந்து தகடாகும். அந்தத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பாத்திரம் செய்தார்கள். பழைய ஷெஃபீல்ட் பிளேட் என்று சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். பேர்மிங்ஹாமில் மத்தியூ போல்டன் இதைப் பெரிய அளவில் செய்தார்.

தகடு முதலில், பாத்திரம் பிறகு என்ற இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டால் அடையாளங்கள் தாமாகவே விளங்கும். வெட்டிய ஓரத்தில் செப்பு சிவப்பாகத் தெரியும் என்பதால் விளிம்புக்கு வெள்ளிக் கம்பி வைத்து மூடியிருப்பார்கள். விரல் நகத்தால் விளிம்பின் உட்பக்கத்தைத் தடவினால் அந்த மடிப்பு பிடிபடும். தகட்டை வளைத்து இணைத்த இடத்தில், பெரும்பாலும் கைபிடிக்கு அருகே, மேலிருந்து கீழாக மெல்லிய இணைப்புக் கோடு இருக்கும். குடும்பச் சின்னம் பொறிக்க ஆழமாக வெட்டினால் செப்பு வெளியே வந்துவிடும். அதனால் பொறிக்கும் இடத்தில் மட்டும் தனி வெள்ளித் துண்டைப் பதித்தார்கள். அந்த இடத்தில் வாயால் ஊதி ஆவி படியவிட்டால் துண்டின் எல்லை கணநேரம் தெரியும். இந்த மூன்றும் ஒரே பொருளில் இருந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கவேண்டிய பொருள் உங்கள் கையில் இருக்கிறது.

1840இல் பேர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தினர் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜோன் ரைட் என்ற சத்திரசிகிச்சை மருத்துவர் பொட்டாசியம் சயனைட் கரைசலில் வெள்ளி சீராகப் படியும் என்று கண்டது இதற்கு அடிப்படை. இங்கே ஒழுங்கு தலைகீழ். பாத்திரத்தை முழுதாகச் செய்து முடித்துவிட்டு, பிறகு கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். இணைப்பு, பற்றாசு, விளிம்பு எல்லாவற்றையும் வெள்ளி ஒரே சீராக மூடிவிடும். படிவது தூய வெள்ளி என்பதால் நிறமும் சற்று வெளிறியிருக்கும். ஷெஃபீல்ட் தகட்டில் இருப்பது செப்புக் கலந்த வெள்ளி, அதன் நிறம் கொஞ்சம் மென்மையானது. மின்முலாம் வந்து சில ஆண்டுகளிலேயே பழைய முறை வழக்கொழிந்தது. பிரான்சில் கிறிஸ்தோஃபல் நிறுவனம் 1842இல் எல்கிங்டனின் உரிமையை வாங்கிக்கொண்டது. கொழும்பு வீடுகளில் உள்ள முலாம் சாமான்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான்.

அடிப்பக்கத்து எழுத்துகள்

பாத்திரத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன லென்ஸ் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும்.

இங்கிலாந்தில் செய்த அசல் வெள்ளி என்றால் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அதுதான் சான்று. பக்கத்தில் பரிசோதித்த நகரத்தின் குறி இருக்கும்: லண்டனுக்குச் சிறுத்தையின் தலை, பேர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். அதோடு ஆண்டெழுத்தும் செய்தவரின் முதலெழுத்துகளும். சிங்கம் இல்லாமல் மற்றவை மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். முலாம் செய்தவர்கள் வேண்டுமென்றே ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகளையும் தனித்தனிக் கேடயங்களுக்குள், அலங்கார எழுத்தில் குத்தினார்கள். தூரத்துப் பார்வைக்கு அது ஹால்மார்க் போலவே இருக்கும். கிரீடத்தையும் பலர் சேர்த்துக்கொண்டார்கள். அசல் வெள்ளியின் ஷெஃபீல்ட் குறியோடு குழப்பம் வருகிறதென்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது தடைசெய்யப்பட்டது. ஆகவே முலாம் பொருளில் கிரீடம் இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம்.

ஈ.பி.என்.எஸ். என்றால் நிக்கல் சில்வரின் மேல் மின்முலாம். நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செப்பு ஏறத்தாழ 60 வீதம், மிச்சம் நிக்கலும் நாகமும். ஈ.பி.பி.எம். என்றிருந்தால் உள்ளே பிரிட்டானியா மெற்றல், அதாவது 90 வீதத்துக்கு மேல் வெள்ளீயம், கொஞ்சம் அந்திமனி, கொஞ்சம் செப்பு. இது மென்மையானது, எளிதில் நசியும், தட்டினால் மந்தமாகச் சத்தம் தரும். ஏறத்தாழ 250 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் அப்படிப்பட்ட கேத்தலை ஒருபோதும் அடுப்பில் வைக்கக்கூடாது. ஏ1 என்ற குறி முதல்தர முலாம் என்று செய்தவர் சொல்லிக்கொள்வது. அரசாங்கம் பரிசோதித்துக் கொடுத்ததல்ல. என்றாலும் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரோடு வந்தால் மதிக்கத்தக்கது. பெயர்களில் எல்கிங்டன், மப்பின் அண்ட் வெப், கொடிக்குள் முதலெழுத்துகள் உள்ள வோக்கர் அண்ட் ஹோல், ஊதுகுழல் சின்னம் உள்ள ஜேம்ஸ் டிக்சன் ஆகியவை கொழும்பில் அடிக்கடி கண்ணில் படும். எல்கிங்டன் தன் பொருட்களில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் வைத்ததால் அவற்றின் வயதைத் துல்லியமாகவே சொல்லமுடியும்.

எண்கள்தான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகின்றன. ஜெர்மனியில் இருந்து உறவினர் கொண்டுவந்த கரண்டியில் 90 என்று இருந்தால் 90 வீதம் வெள்ளி என்று நினைத்துவிடுகிறார்கள். 24 சதுர டெசிமீற்றர் பரப்பில் 90 கிராம் வெள்ளி பூசியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஒரு டசின் கரண்டி, ஒரு டசின் முள்ளுக்கரண்டிக்கு உரிய பரப்பு அது. கணக்குப் பார்த்தால் 36 மைக்ரோன் வருகிறது. முலாமில் அது மிக நல்ல தடிப்பு, ஆனால் முலாம்தான். ஜெர்மன் பொருளில் 800 அல்லது 835 என்றிருந்தால்தான் அசல் வெள்ளி. இதேபோல் அமெரிக்காவின் 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ் என்ற குறியில் உள்ள ஆண்டு அந்தக் கரண்டி செய்த ஆண்டு இல்லை. வியாபாரப் பெயரின் பகுதியாக நூறாண்டுக்கு மேல் குத்திவந்தது.

வயதுக்கு வேறு தடயங்களும் உண்டு. சரிசதுரமாய்ச் சாய்ந்த வைர வடிவக் கட்டத்துக்குள் எழுத்துகள் இருந்தால் அது 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவுசெய்த வடிவம். 1884 முதல் வெறும் பதிவிலக்கம். இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் இருந்தால் அநேகமாக 1891க்குப் பின். அந்த ஆண்டு முதல் அமெரிக்கா, இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. ஷெஃபீல்ட் பிளேட் என்று எழுத்தில் குத்தியிருந்தால் ஏறக்குறைய எப்போதும் அது பழைய ஷெஃபீல்ட் பிளேட் ஆகாது, பிற்காலத்து மின்முலாம். அசல் பழையதில் குறியே இல்லாமலும் இருக்கலாம். 1773 முதல் 1784 வரை முலாம் பொருளில் முத்திரை குத்தவே அங்கு தடை இருந்தது.

நம் ஊர்ப் பொருளுக்கும் இரண்டு வார்த்தை. கண்டிய வேலைப்பாட்டில் யானை, அன்னம், கொடிப்பின்னல் பொறித்த தட்டுகள் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். செப்பு அல்லது பித்தளையில் வெள்ளி முலாம் போட்டவை அவற்றில் அதிகம். அடியில் சிலோன் என்று குத்தியிருந்தால் 1972 மே மாதத்துக்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் சுவாமி வேலைப்பாட்டுத் தேநீர் செற் சென்னையில் இருந்து வந்திருக்கும். பி. ஓர் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால் அவசரப்படவேண்டாம், அந்த வகை பெரும்பாலும் அசல் வெள்ளியில் செய்யப்பட்டது. ஆங்கில ஹால்மார்க் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முலாம் என்று தள்ளிவிடக்கூடாத பொருள் இது.

தண்ணீரும் தராசும்

குறி தேய்ந்துபோயிருந்தால் என்ன செய்வது? காந்தம் உதவாது. வெள்ளியும் ஒட்டாது, நிக்கல் சில்வரும் ஒட்டாது. வெள்ளியில் ஐஸ் கட்டி வேகமாக உருகும் என்று வைத்துப் பார்க்கும் சோதனையையும் நம்பமுடியாது, செப்பும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். உரைகல்லில் மெதுவாக உரசினால் மேல்பூச்சின் வெள்ளிதான் கல்லில் ஏறும். ஆழமாக உரசவோ அராவவோ வேண்டும், அது பொருளுக்குக் காயம்.

அடர்த்தி பார்ப்பது சேதமில்லாத வழி. ஸ்ரேர்லிங் எனப்படும் 925 தர வெள்ளி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 10.4 கிராம் அளவில் இருக்கும். நிக்கல் சில்வர் 8.7 அளவு, பிரிட்டானியா மெற்றல் 7.3 அளவு. சமையலறை டிஜிற்றல் தராசே போதும். ஒரே செற்றில் உள்ள ஆறு கரண்டிகளை நூலால் ஒன்றாகக் கட்டி நிறுங்கள். 372 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, அளவைப் பூச்சியமாக்குங்கள். கரண்டிக் கட்டைக் கையில் நூலோடு பிடித்து, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அசைத்து விடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் கரண்டிகளின் கனவளவு. 43 என்று காட்டினால் 372ஐ 43ஆல் பிரிக்க 8.65 வரும். அது நிக்கல் சில்வர். அசல் ஸ்ரேர்லிங் என்றால் 36 காட்டியிருக்கும். தனிக் கரண்டியில் இந்த வித்தியாசம் ஒரு கிராம் அளவுக்குத்தான் வரும், ஆறைச் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

கத்திகளில் இது சரிவராது. கைபிடி உள்ளே குங்கிலியம் போன்ற பசை நிரப்பியிருக்கும், அலகு உருக்கு. மெழுகுதிரித் தண்டுகளின் அடியிலும் பாரத்துக்காக எதையாவது நிரப்பியிருப்பார்கள்.

கண்ணால் பார்க்கும் சோதனையையும் விடவேண்டாம். கரண்டியின் குழிக்குப் பின்புறம் மேசையில் படும் இடம், முள்ளின் நுனி, தட்டின் புடைத்த விளிம்பு, கைபிடியில் பெருவிரல் படும் இடம், இங்கேதான் வெள்ளி முதலில் தேயும். சிவப்புத் தெரிந்தால் செப்பு, மங்கிய மஞ்சள் கலந்த வெள்ளை என்றால் நிக்கல் சில்வர், சாம்பல் நிறம் என்றால் பிரிட்டானியா.

துலக்குவதும் மறுபூச்சும்

கறுப்பது அழுக்கு அல்ல. காற்றில் உள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிச் சல்பைட் ஆகிறது. முட்டையும் வெங்காயமும் இறப்பரும் அதை வேகப்படுத்தும். கடற்கரையை ஒட்டிய காலி வீதி வீடுகளில் ஈரமும் உப்பும் சேர்ந்து இன்னும் கெடுக்கும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகிறது என்பதை மறக்கவேண்டாம். அசல் வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது பெரிய நட்டமில்லை. முலாம் பொருளுக்கு அதுவே உயிர்.

நம் வீடுகளில் பழப்புளியும் தும்பும் பித்தளைக்கு வழக்கம். முலாம் சாமானுக்குத் தும்பு கிட்டவே வரக்கூடாது. வெள்ளிப் பூசைப் பாத்திரத்துக்குப் பாவிக்கும் திருநீறு நுண்ணிய தூள்தான், ஆனால் அதையும் வாராவாரம் தேய்த்தால் முலாம் ஓரங்களில் போய்விடும். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஈரம் ஒற்றி எடுப்பதே பெரும்பாலும் போதும். கறுப்பு மிஞ்சினால், அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சுடுதண்ணீரும் அப்பச் சோடாவும் இட்டு, பொருள் தாளில் படும்படி சில நிமிடம் வையுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போய், வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். பசை நிரப்பிய கத்தி, மரக்கைபிடிக் கேத்தல், வேலைப்பாட்டின் பள்ளங்களில் கறுப்பு நிழல் வேண்டிய பொருள் ஆகியவற்றுக்கு இந்த முறை வேண்டாம். கரண்டிகளை இறப்பர் வளையம் போட்டுக் கட்டி வைப்பதும் ஆகாது. அழியாத கறுப்புக் கோடு விழும்.

மறுபூச்சுப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய ஷெஃபீல்ட் பிளேட்டுக்கு ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கங்கே எட்டிப்பார்க்கும் செப்புச் சிவப்பு அதன் வயதின் அடையாளம். மேலே மின்முலாம் போட்டால் சேகரிப்பாளர் திரும்பியும் பார்க்கமாட்டார். தினமும் பாவிக்கப்போகும் ஈ.பி.என்.எஸ். கரண்டி செற் என்றால் தாராளமாகச் செய்யலாம். கொடுக்குமுன் என்ன உலோகம், எத்தனை மைக்ரோன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குரோமியமோ நிக்கலோ போட்டுவிட்டால் வெள்ளியின் நிறம் இல்லாத கண்ணாடிப் பளபளப்பு வரும், பழைய தோற்றம் அதோடு போய்விடும். உட்புறம் செப்புத் தெரியும் பாத்திரத்தில் ஊறுகாயும் தயிரும் தேசிக்காய்த் தண்ணீரும் வைக்கவேண்டாம், செப்பு உணவில் கரையும்.

சரி, விலை?

முதலில் எந்த விலை என்று கேட்கவேண்டும். எடைக்குப் போட்டால் வருவது ஒன்று. வாங்க ஆள் இருந்து விற்றால் வருவது இன்னொன்று. காப்புறுதிக்காக, இதேபோன்ற ஒன்றைத் திரும்ப வாங்க ஆகும் செலவு மூன்றாவது. அது எப்போதுமே கூடுதலாக இருக்கும். காப்புறுதிக்காக எழுதிய தொகையை விற்பனை விலை என்று எண்ணிக்கொண்டு ஏமாறுபவர்கள் பலர். அடுத்தது, இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே இல்லை. விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள், ஏல நிறுவனங்கள் பலவும் அதை வெளியிடுகின்றன. பவுண்ட்ஸில் கண்டதை ரூபாவுக்கு மாற்றி அப்படியே எதிர்பார்ப்பதும் சரியல்ல. அங்கே வாங்குபவர் அங்கே இருக்கிறார். உங்கள் பொருள் இங்கே இருக்கிறது. அனுப்பும் செலவும் ஏல நிறுவனத்தின் தரகும் நடுவில் நிற்கின்றன.

உண்மையைச் சொன்னால், சாதாரணமான நான்கு உருப்படித் தேநீர் செற்றுக்கு இன்று இங்கிலாந்திலேயே பெரிய கிராக்கி இல்லை. வாழ்க்கைமுறை மாறிவிட்டது, துலக்க நேரமில்லை. பெரிய தட்டங்களுக்கும் அப்படித்தான். நல்ல விலை போவது வேறு சில. ஆறு பேருக்கோ பன்னிரண்டு பேருக்கோ ஒன்றும் குறையாமல், அதன் சொந்த மரப்பெட்டியோடு இருக்கும் கரண்டிச் செற். பாண் வாட்டி அடுக்கும் தாங்கி, பிஸ்கட் பெட்டி, அவித்த முட்டை வைக்கும் தாங்கி, திராட்சைக் கத்தரி போன்ற விசித்திரமான சிறு பொருட்கள். கப்பல் கம்பனி, ரயில்வே, பழைய ஹொட்டேல் சின்னம் உள்ளவை. இவற்றுக்கென்றே சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், கொழும்பிலும் இருக்கிறார்கள். பழைய தோட்ட பங்களாக்களைத் தங்குமிடமாக மாற்றுபவர்களும் நல்ல நிலையில் உள்ளதைத் தேடி வாங்குகிறார்கள்.

முலாம் என்றாலே குறைவு என்ற எண்ணத்தை உடைக்க ஒரு பெயர் போதும்: கிறிஸ்தோபர் டிரெஸ்ஸர். 1834 முதல் 1904 வரை வாழ்ந்த இந்த வடிவமைப்பாளர், 1870களின் இறுதியில் இருந்து ஹியூகின் அண்ட் ஹீத், ஜேம்ஸ் டிக்சன், எல்கிங்டன் ஆகியோருக்குக் கேத்தல்களும் பாண் தாங்கிகளும் வரைந்து கொடுத்தார். பூவும் கொடியும் இல்லாத, நேர்கோடும் வட்டமும் மட்டுமே உள்ள, நேற்றுச் செய்ததுபோன்ற பொருட்கள். அவற்றில் பல வெறும் மின்முலாம்தான், ஆனால் அதே அளவு அசல் வெள்ளிக் கேத்தலைவிடப் பல மடங்கு விலைக்குப் போயிருக்கின்றன. கோணல்மாணலான நவீனப் பொருள் என்று நினைத்து ஒதுக்குமுன் அடியைப் பார்ப்பது இதற்காகத்தான்.

பெயரெழுத்துப் பொறித்திருந்தால் வெளிநாட்டுச் சந்தையில் கொஞ்சம் குறையும். ஆனால் இன்ன தோட்டத்து உத்தியோகத்தர்கள் இன்ன ஆண்டில் வழங்கியது என்று இருந்தால் இங்கே அது பெறுமதியைக் கூட்டும். அதை அராவி எடுக்கச் சொல்லி யாரும் ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். எழுத்தோடு முலாமும் போய்விடும், பொருளின் வரலாறும் போய்விடும்.

விற்பதென்று முடிவெடுத்தால் ஒரே கடையில் காட்டிவிட்டு நிற்கவேண்டாம். முழுத் தோற்றம், அடிக்குறி, தேய்ந்த இடம், நெளிவு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, நிறையும் அளவும் எழுதி, இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் ஏல விளம்பரங்களையும் பாருங்கள். குறையை மறைக்காமல் காட்டியவரிடம் வாங்குபவர் நம்பி விலை சொல்வார்.

பிள்ளைகளுக்கு வெளிநாடு அனுப்புவதென்றால் சட்டம் ஒன்று இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் தொல்பொருள் என்ற வகையில் வரும். பழைய ஷெஃபீல்ட் பிளேட் அந்தக் காலத்துக்குள் விழலாம், மின்முலாம் விழாது. ஆனால் சுங்கம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருட்களையும் அனுமதியில்லாமல் கொண்டுபோக விடுவதில்லை. ஆகவே அம்மம்மாவின் கேத்தலைப் பயணப்பெட்டியில் வைக்குமுன், அடிக்குறியின் படங்களோடு கொழும்பு 7இல் உள்ள தொல்பொருளியல் திணைக்களத்தில் விசாரியுங்கள். இதைப் பயணத்துக்கு முதல் வாரத்துக்கு விட்டுவைக்காமல், விமானச் சீட்டு எடுக்கும்போதே செய்துவிடுவது நல்லது.